நேரத்தை எழுதி வையுங்கள்

(ராயபுரத்தில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விடியற்காலை மீன் ஏலத்துக்கு எழுந்து போக வேண்டியிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கும் தம்பிமார்களே!

நம்முடையது ராத்திரியில் வேலை செய்கிற பகுதி. சட்டம் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். ஊர் தூங்கும்போது காசிமேட்டில் விசைப்படகுகள் வந்து சேரும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைய வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளில் டிரைவர்கள் கண்ணயர்ந்திருப்பார்கள். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளில் ஷிப்டு முடிந்தவர்கள் நடுநிசியில் வீடு திரும்புவார்கள். இனி ரோந்து வண்டியில் வரும் காவலரின் இடத்தில் இருந்து பாருங்கள். இரவு ஒன்றரை மணிக்கு ரோட்டில் நடந்து வருகிறவன் யார்? சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. பைக்குள் ஸ்பேனரோ, வலை அறுக்கும் கத்தியோ இருக்கிறது. கேட்டால் சரியாகப் பேச்சு வரவில்லை, களைப்பு. சந்தேகத்துக்கு உரியவன் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும் அடையாளங்கள் அத்தனையும் நம் வீட்டு உழைப்பாளிக்கு அப்படியே பொருந்துகின்றன. மைலாப்பூரில் இருக்கும் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறைகூடக் காவலரிடம் பதில் சொல்லாமல் காலம் கழித்துவிடலாம். நம் பையன்கள் இருபது வயதுக்குள் பல முறை பதில் சொல்லிவிடுகிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எந்த ஏரியா?”

பதிலில் ஏரியாப் பெயரைச் சொன்னதும் குரல் மாறுவதை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அதை நான் விவரிக்கத் தேவையில்லை.

அடுத்து வருகிற வாக்கியம்தான் இன்றைய பேச்சின் விஷயம். “ஒண்ணும் இல்லம்மா, சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்.” மகனையோ கணவனையோ வண்டியில் ஏற்றும்போது வாசலில் நிற்கும் பெண்ணிடம் சொல்லப்படும் வாக்கியம் இது. பல நேரம் அப்படியே திரும்பி வந்தும் விடுகிறார்கள். ஆனால் வண்டியில் ஏறிய நேரத்துக்கும், கைது செய்ததாகக் காகிதத்தில் எழுதப்படும் நேரத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. சில மணி நேரமாக இருக்கலாம், இரண்டு நாளாகவும் இருக்கலாம். அந்த இடைவெளியில் அந்த மனிதர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காவல் மரணங்கள், கை கால் முறிவுகள், செய்யாததை ஒப்புக்கொண்ட வாக்குமூலங்கள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன என்பது என் தொழில் எனக்குக் காட்டியது.

அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதுவே 58-வது பிரிவு. இந்த 24 மணி நேரக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிலையத்தில் ரைட்டர் எழுதும்போதா, தோளில் கை வைத்து வண்டியில் ஏற்றும்போதா? எழுந்து வீட்டுக்குப் போக உங்களுக்குச் சுதந்திரம் இல்லாமல் போன கணத்திலிருந்து என்பதுதான் சட்டத்தின் நியாயமான பொருள். ஆனால் அந்தக் கணம் எது என்று பிறகு நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

நான் சட்டக் கல்லூரியில் படித்த காலத்தில் இரவில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் சைக்கிளில் திரும்பும்போது ரோந்துக்காரர்கள் நிறுத்தினார்கள். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டியதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நிலையத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, எதுவும் எழுதவும் இல்லை. ஏன் கொண்டுவந்தார்கள் என்றும் சொல்லவில்லை. விடிந்து அப்பா வந்து கேட்டபோது, “அப்படி யாரும் இங்க இல்லையே” என்று வாசலிலேயே பதில் சொன்னார்கள். அந்தக் குரல் எனக்கு உள்ளே கேட்டது. அப்பா துறைமுகத் தொழிலாளி. சங்கத்தில் அவருக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் நிலையத்துக்கு வந்து சண்டை போடவில்லை. நேராகத் தபால் நிலையம் போய், இன்னாரின் மகனை இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் பிடித்துப் போயிருக்கிறார்கள் என்று கமிஷனருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி கொடுத்துவிட்டு, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அந்த ரசீதை அவர் எடுத்துக் காட்டிய பிறகு என்னை வெளியே விட்டார்கள்.

அன்றைக்கு வடசென்னையில் தொழிற்சங்கக்காரர்களும் வழக்கறிஞர்களும் கையாண்ட வழி இதுதான். தந்தியில் நாளும் நேரமும் அரசாங்கத்தின் கையாலேயே பதிவாகிவிடும். பிறகு யாரும் அதை மாற்றி எழுத முடியாது. ‘திங்கட்கிழமை காலை கைது’ என்று காவல்துறை காகிதம் காட்டினால், ஞாயிறு இரவே கொடுத்த தந்தியை நீதிமன்றத்தில் எடுத்து வைக்கலாம். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது பலருக்கு அது பழைய நினைவு போன வருத்தம். எங்களுக்கு ஒரு கருவி போன கவலை. தந்திக்குப் பதில் இன்று என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதிவில்லாத அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதற்குச் சில உதாரணங்கள். 2020 ஜூன் 19 மாலை, சாத்தான்குளத்தில் வியாபாரி ஜெயராஜை நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பது குற்றச்சாட்டு. என்ன ஆயிற்று என்று கேட்கப் போனவர் மகன் பென்னிக்ஸ். இரவு முழுக்க அடி. மறுநாள் ரிமாண்டுக்குக் கொண்டுபோனபோது மாஜிஸ்திரேட் மாடியிலிருந்தபடியே உத்தரவிட்டார் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். ஜூன் 22 இரவு மகனும், 23 காலை தந்தையும் இறந்தார்கள். பிறகு உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் அந்த நிலையத்துக்கு விசாரணைக்குப் போனார். கேமரா இருந்தது, ஹார்டு டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். எல்லாம் அழிந்த இடத்தில் நின்றது ஒரு மனுஷியின் சாட்சியம். அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி, தான் பார்த்ததை நடுவரிடம் சொன்னார். அந்தச் சூழ்நிலையில் அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். காவல்துறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று யாராவது என்னிடம் சொன்னால் ரேவதியின் பெயரைத்தான் பதிலாகச் சொல்வேன்.

அது தூரத்து ஊர் என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்தில் கொடுங்கையூர். 2022 ஜனவரியில், பகுதி நேர வேலை முடித்து இரவில் திரும்பிய சட்ட மாணவர் ஒருவரை முகக்கவசச் சோதனையில் நிறுத்தி, நிலையத்துக்குக் கொண்டுபோய்த் தாக்கியதாகப் புகார் எழுந்தது. காவலர்கள் மீதே வழக்குப் பதிவானது. அதே ஆண்டு ஜூன் 12 அன்று, அதே கொடுங்கையூர் போலீஸார் விசாரணைக்கு அழைத்துச் சென்ற இளைஞர் ஒருவர் இறந்தார். காவலர்கள் ஐந்து பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அவர் இறந்த செய்தியோடு கூடவே வந்த தகவல், அவர் மீது பல வழக்குகள் உண்டு என்பது. இருக்கட்டுமே. வழக்கு இருந்தால் நீதிமன்றத்தில் நடக்கட்டும். பழைய வழக்குகள் ஒரு மனிதனின் உயிர் விலையைக் குறைத்துவிடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

2025 ஜூன் கடைசியில் திருப்புவனம். மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை நகை காணாமல் போன புகாருக்காகத் தனிப்படை கொண்டுபோனது. முதல் தகவல் அறிக்கை போடாமலேயே இடம் இடமாக வைத்து விசாரித்தார்கள். உடலில் எத்தனை காயங்கள் இருந்தன என்பதைப் பிரேதப் பரிசோதனை சொன்னது. நான் சொன்ன அந்த இடைவெளி இதுதான். எந்த நோட்டிலும் இல்லாத மனிதனாக அவர் செத்தார்.

இது பழைய நோய். ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856-ல். அதற்கு முந்திய ஆண்டு, 1855-ல், மதராஸ் மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கமிஷன் அறிக்கை கொடுத்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி முதற்கொண்டு அதில் பதிவாகியிருக்கிறது. வரி கட்ட வைக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் அதே வழி கையாளப்பட்டது. லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ் 1857-ல் நியூயார்க் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில் இந்த அறிக்கையை எடுத்துப் பேசினார். கமிஷன் பார்த்த அடிப்படைக் கோளாறு, வரி வசூலிக்கிற கையும் போலீஸ் கையும் ஒரே தாசில்தாரிடம் இருந்தது. பிறகு வந்த 1859-ஆம் ஆண்டு மதராஸ் போலீஸ் சட்டம் இரண்டையும் பிரித்தது.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதற்கு நம் தெருவிலேயே உதாரணம் இருக்கிறது. ‘ஒன் டென் போட்டாங்க’ என்று பையன்கள் சொல்வார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளில் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது. புதிய சட்டத்தில் அவை 126, 129. இதை விசாரிக்க வேண்டியவர் நிர்வாக நடுவர். 2013, 2014-ல் வந்த அரசாணைகள் காவல் துணை ஆணையர்களுக்கே அந்த நடுவர் அதிகாரத்தைக் கொடுத்தன. இன்ஸ்பெக்டர் புகார் சொல்ல, அவருடைய மேலதிகாரி நடுவராக உட்கார்ந்து, பிணையை மீறினான் என்று பையனைப் புழல் சிறைக்கு அனுப்பிய காலம் அது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்த அரசாணைகளை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று ரத்து செய்தது. 1855-ல் கண்ட அதே கோளாறை 168 ஆண்டு கழித்து மறுபடி அறுத்துப் போட வேண்டியிருந்தது. இந்தத் தீர்ப்பு வடசென்னையின் ஒவ்வொரு சந்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

ரவுடி லிஸ்ட் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஒரு முறை சரித்திரப் பதிவேட்டில் பெயர் ஏறினால், தேர்தல் வந்தால் கூப்பிடுவார்கள், திருவிழா வந்தால் கூப்பிடுவார்கள், பக்கத்துத் தெருவில் யார் யாரை வெட்டினாலும் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கக் காவல் நிலையாணைகளில் விதிகள் இருக்கின்றன, காலவரையறை இருக்கிறது. நீட்டிப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். கல்யாணம் ஆகி, ஆட்டோ ஓட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒருவரின் பெயர் பழைய வழக்கு ஒன்றுக்காகத் தொடர்ந்தால், உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். கேட்டுப் பெயரை நீக்க வைத்தவர்கள் உண்டு. இப்போது கூடுதலாக ஒன்று வந்திருக்கிறது. 2021 முதல் தமிழ்நாடு காவல்துறை முகம் அடையாளம் காணும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. ரோந்துக் காவலர் செல்போனைத் தூக்கி, “மூஞ்சியைக் காட்டு” என்கிறார். வேலை முடிந்து போகும் பையனின் முகம் குற்றவாளிகள் படங்களோடு ஒப்பிடப்படுகிறது. இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன நாட்டில் இது நடக்கிறது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். சில நாட்களில், அந்த வழக்கில் சரணடைந்து போலீஸ் காவலில் இருந்த ஒருவர் மாதவரம் அருகே அதிகாலையில் சுடப்பட்டு இறந்தார். செப்டம்பரில் வியாசர்பாடியில் இன்னொருவர். தங்களைத் தாக்க வந்ததால் சுட்டோம் என்பது காவல்துறையின் விளக்கம். நம் தெருக்களிலேயே அதற்குக் கைதட்டல் கேட்டது. ரவுடிகளால் அவதிப்பட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. கஞ்சா விற்பவனுக்குப் பயந்து பெண் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பாத தாய் இந்தக் கூட்டத்திலும் இருப்பார். ஆனாலும் கைதட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆம்ஸ்ட்ராங்கைக் கொல்லச் சொன்னது யார் என்று மாதவரம் அருகே இறந்தவருக்குத் தெரிந்திருந்தால், அது அவரோடு போய்விட்டது. காவலில் இருப்பவரைச் சுடலாம் என்று ஒரு முறை ஒப்புக்கொண்டால், அடுத்த முறை தவறான ஆளைப் பிடித்திருந்தாலும் கேட்பதற்கு நமக்கு வாய் இருக்காது. ஒவ்வொரு என்கவுன்டரிலும் முதல் தகவல் அறிக்கையும் சுதந்திரமான விசாரணையும் கட்டாயம் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருக்கிறது. கையில் மாவுக்கட்டோடு வருகிறவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்கள் என்ற கதையும் அப்படித்தான். காவல் நிலையப் பாத்ரூமில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா என்று 2025-ல் உயர் நீதிமன்றமே கேட்டது.

சட்டம் நமக்குக் கொடுத்திருப்பது குறைவில்லை. 1986-ல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு நடத்திய டி.கே. பாசு என்பவர், லாக்கப் மரணச் செய்திகளைப் படித்துவிட்டு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பரில் பதினோரு கட்டளைகளாக வந்தது. அவற்றில் முக்கியமானவை இன்று எழுதிய சட்டமாகவே இருக்கின்றன. கைது செய்பவர் தெளிவாகத் தெரியும்படி பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். குடும்பத்தாரோ, தெருவில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். அதில் நேரம் இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் முதலில் அந்த நேரத்தைப் பாருங்கள். தவறாக இருந்தால் பக்கத்திலேயே சரியான நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்னும் ஒரு படி மேலே, கைதுக்கான காரணத்தை அந்த நபருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தக் குற்றமானாலும் இது பொருந்தும். தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. பையன் கிடைக்கவில்லை என்றால் அம்மாவை நிலையத்தில் உட்கார வைப்பது நம் பகுதியில் பழகிப்போன கொடுமை. மகன் செய்த குற்றத்துக்காகத் தாயைப் பிடித்து வைக்க எந்தப் பிரிவும் இல்லை. சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால்கூட, பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்டவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். இது புதிய சட்டத்தின் 179-வது பிரிவு. ஒடிசாவில் முதலமைச்சராக இருந்த நந்தினி சத்பதியையே நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். பெண்ணை நிலையத்துக்கு அழைத்தது சட்ட மீறல் என்று 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். தன்னைக் குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையும் அதே தீர்ப்பில் உறுதியானது. முதலமைச்சராக இருந்தவருக்கு வாங்கிய அந்தத் தீர்ப்பு மீன் கூடை சுமக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

காவலர்களும் நம் தெருக்களில் பிறந்தவர்கள்தான். தூக்கமில்லாமல் பந்தோபஸ்து நிற்கிறவர்கள். மரியாதையாகப் பேசுங்கள், பெயரும் முகவரியும் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள், ஓடாதீர்கள், கையை ஓங்காதீர்கள். ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

தந்திக்குப் பதில் என்ன என்றேன். வீட்டில் ஒருவரை அழைத்துப் போன உடனே 100-க்கோ 112-க்கோ அடியுங்கள். இன்னாரை, இன்ன நேரத்தில், இன்ன இடத்திலிருந்து, இந்த எண் கொண்ட வண்டியில் கொண்டு போனார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த அழைப்பு நேரத்தோடு பதிவாகும். அதையே கமிஷனர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் அன்றைக்கே போய் அந்தப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள், வாரம் கழித்துப் போனால் இருக்காது. நிலையத்துக் கேமராப் பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதைக் கேட்டு மனுப் போட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்லி மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால், எப்படிக் காயம்பட்டது என்று மருத்துவர் கேட்கும்போது உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். அது ஏ.ஆர். காப்பி என்கிற விபத்துப் பதிவேட்டு நகலில் ஏறும். மாஜிஸ்திரேட் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம், “ஐயா, என்னை நேற்று ராத்திரியே கொண்டு வந்துட்டாங்க” என்று நேராகச் சொல்லலாம். வழக்கறிஞர் வைக்கக் காசில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கிடைக்கும். மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது.

இந்தக் கூட்டம் முடிந்ததும் நானும் இளம் வழக்கறிஞர்கள் சிலரும் அந்த மேஜையில் இருப்போம். பிணை நோட்டீஸ் கையில் வைத்திருப்பவர்கள், ரவுடி லிஸ்ட்டில் பெயர் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்கள் தயங்காமல் வாருங்கள். நோட்டீஸை மறக்காமல் எடுத்து வாருங்கள், எந்தத் தேதி போட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஷிப்டுக்குப் போகிறவர்களை முன்னால் விடுங்கள்.